ஸ்டூலம்மாவின் வலது முட்டி

தெருவில் எல்லோருக்கும் அவள் ஸ்டூலம்மா. கடை போட்ட புதிதில் 'பேண்ட் டெய்லரம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆண்களுக்குப் பேண்ட் தைக்கும் பெண் அந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான். ஸ்டூல் வந்து ஒட்டிக்கொண்டது பிறகு, ஒரு பஸ் டிரைவரின் புண்ணியத்தில்.

அந்த டிரைவர் காக்கிப் பேண்ட் தைக்கக் கொடுத்தார். போட்டுப் பார்த்தபோது கண்ணாடி முன்னால் நின்றார், கச்சிதமாக இருந்தது. இரண்டே நாளில் திரும்பி வந்து, வண்டி ஓட்டும்போது பிடிக்கிறது என்றார். அவரை நிற்கவைத்து டேப் பிடித்தாள், அளவெல்லாம் சரி. மறுபடி வந்தார். மறுபடி நிற்கவைத்தாள், மறுபடி சரி. மூன்றாம் முறை வந்தபோது அவளுக்கும் கைநிறைய வேலை. சார் கொஞ்சம் சதை போட்டிருக்கலாம், இல்லையென்றால் மனசுக்கு அப்படித் தோன்றும், புதுத் துணி என்றால் சிலருக்கு அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

நாலாம் முறை வந்தவர் வாயைத் திறக்கவில்லை. மூலையில் கிடந்த மர ஸ்டூலைக் கடை நடுவில் இழுத்துப்போட்டார். பஸ் சீட்டில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, கிளட்ச் மிதிக்கிற காலைத் தூக்கினார். பின்தையல் டர்ரென்று பிரிந்தது. காத்திருந்த இரண்டு வாடிக்கையாளர்களும் மரியாதையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் நின்னுக்கிட்டு வண்டி ஓட்டறதில்லம்மா" என்றார் டிரைவர்.

அன்றிலிருந்து அந்தக் கடையில் ஒரு சட்டம். மந்திரியே வந்து பேண்ட் தைத்தாலும் ஸ்டூலில் உட்கார்ந்து, காலை மடக்கி, எழுந்து, மறுபடி உட்கார்ந்து காட்டாமல் துணி கடையை விட்டு வெளியே போகாது. அவசரம் என்று குதித்தவர்களுக்கும் அதே கதிதான். இப்படித்தான் ஸ்டூலம்மா ஆனாள். இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் தைத்த பேண்ட் உட்கார்ந்த இடத்தில் கிழிந்தது என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

இருபத்தாறு வருஷமும் மெஷினை மிதித்த கால்களில் வலது கால் முட்டி முதலில் தேய்ந்தது. வலி என்றால் சாதாரண வலி இல்லை; கட்டிங் மேசையிலிருந்து மெஷினுக்கு நாலடி நடப்பதற்குள் பல்லைக் கடித்துக்கொள்வாள். தைலம், மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் முட்டியை மாற்றிவிடுவதென்று முடிவானது. மூட்டு மாற்றும் டாக்டர் கைராசிக்காரர் என்று பேர் எடுத்தவர். ஆபரேஷன் முடிந்த மறுநாளே நிற்கவைத்துவிட்டார், மூன்றாம் நாள் நடக்கவைத்தார். பழைய வலி போன இடம் தெரியவில்லை. தையல் பிரித்த அன்று அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அழுததற்காக அடுத்த எட்டு மாதமும் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

ஏனென்றால் வலி போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு என்ன பெயர் வைப்பதென்றே அவளுக்குத் தெரியவில்லை. நேராக நின்றால் கால் தூண் மாதிரி நிற்கும். சமதரையில் நடந்தால் குறை சொல்ல முடியாது. நாற்காலியை விட்டு எழும்போதும், படியிறங்கும்போதும்தான் வம்பு. முட்டிக்கு உள்ளே ஏதோ ஒன்று முன்னால் நழுவிப் போய்விட்டு, அப்புறம் இடத்துக்கு வரும். விழுந்துவிட மாட்டாள், ஆனால் விழப்போகிறோம் என்று பக்கத்தில் அகப்பட்டதைப் பிடித்துக்கொள்வாள். சாயங்காலமானால் முட்டி வீங்கிக்கொள்ளும். தன் கால் தன் பேச்சைக் கேட்கவில்லை என்பதை ஆயிரம் விதமாகச் சொல்லிப் பார்த்தாள். கேட்டவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: வலிக்குதா? வலியில்லை என்றால் அப்புறம் என்ன?

படியென்று சொன்னேனே, அது கடைக்குப் போகும் படி. சாலையின்மேல் சாலையாகப் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துகொண்டே போனதில், ஒருகாலத்தில் தெருவுக்குச் சமமாக இருந்த கடை இப்போது மூன்று படி கீழே கிடந்தது. அந்த மூன்று படியும் அவளுக்கு மலையிறக்கம் ஆயிற்று. முன்பக்கமாக இறங்கினால் முட்டி நழுவும். ஆகவே ஷட்டர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி பின்பக்கமாக இறங்கக் கற்றுக்கொண்டாள். இருபத்தாறு வருஷம் நிமிர்ந்து நுழைந்த கடைக்குத் தினமும் புறமுதுகு காட்டி இறங்கினாள். எதிர்த்த மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு நாளும் பார்த்துப் புன்னகைத்தார். அதற்காக அவர் கடையில் மாத்திரை வாங்குவதையே விட்டுவிட்டாள்.

டாக்டரிடம் போகாமலில்லை. நாலு தடவை போனாள். அங்கேதான் அவளுடைய பெருந்தவறும் இருந்தது. கடைக்காரப் புத்தி, வாடிக்கையாளர் முன்னால் குறையைக் காட்டிப் பழக்கமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, காலையிலிருந்து முட்டிக்கு ஓய்வு கொடுத்து, வராந்தாவில் கல்யாணப் பெண் மாதிரி அளந்து அளந்து நடப்பாள். டாக்டர் கதவருகே நின்று அந்த நடையைப் பார்த்துவிட்டு, "சூப்பர்மா" என்பார். கட்டிலில் காலை நீட்டிப் படுக்கச் சொல்வார். குதிகாலைத் தூக்கிப் பார்ப்பார், நீட்டிய காலை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்ப்பார், அசையாது. நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயைத் திரையில் போடுவார். ஒரு தடவை ரத்தமும் எடுத்துப் பார்த்தார். உள்ளே சீழ் கீழ் எதுவும் இல்லை. உலோகம் எலும்பை விட்டுக் கழன்றிருக்கிறதா என்றும் பார்த்தார், கழலவில்லை. எல்லாம் சூப்பர். அவள் வீட்டில் அவருக்குச் சூப்பர் டாக்டர் என்றே பெயர் வைத்துவிட்டாள்.

தொடையில் பலமில்லை என்று பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சிக்காரப் பெண் நல்ல மாதிரி; ஆனால் அவளும் காலை நீட்டித் தூக்கத்தான் சொல்லிக்கொடுத்தாள். நீட்டித் தூக்கினால் கால் ஜம்மென்று தூக்கும். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே ஸ்டூலம்மாவுக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறும். செய்யத் தெரிந்ததையே செய்யச்சொல்லி, செய்தவுடன் கையும் தட்டினால் யாருக்குத்தான் எரியாது?

இதெல்லாம் போகட்டும். வீட்டுக்காரர்தான் அவளைக் கொன்றார். அவர் குடிநீர் வாரியத்தில் வீடு வீடாய்ப் போய் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷமாக மனிதர்கள் சொல்வதை நம்பாமல் முள் காட்டுவதை மட்டும் எழுதிப் பழகியவர். வாளி வாளியாய்த் தண்ணீர் இறைத்தவர்களெல்லாம் 'நாங்க தண்ணியே புழங்கறதில்ல' என்று அவரிடம் சத்தியம் செய்திருக்கிறார்கள். அதனால் எக்ஸ்ரே அவருக்கு வேதவாக்கு. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்து, ஃபைலில் தேதிவாரியாக அடுக்குவார். "ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லையே. அப்ப மனசுதான்" என்பார். வேலிக்கு ஓணான் சாட்சி. டாக்டருக்கு இவர் சாட்சி.

ஒரு நாள் பள்ளிச் சீருடைக் கட்டோடு இறங்கும்போது இரண்டாம் படியில் முட்டி நழுவியது. கட்டின்மேலேயே விழுந்ததால் அடி படவில்லை. கடையில் காஜா எடுக்கிற பெண் ஓடி வந்து தூக்கினாள். மருந்துக்கடைக்காரர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கே வெளியூர் மகனுக்குப் போன் போயிற்று. அப்பனும் மகனும் பேசி முடித்துவிட்டார்கள்: கடையை விட்டுவிடுவது. செல்போன் பழுது பார்க்கிற ஒருவர் அந்த இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா இனிமேல் நிம்மதியாக இருக்கட்டும் என்றான் மகன்.

நிம்மதியாம். அந்தக் கடையை விட்டால் தான் என்ன ஆவோம் என்று அவளுக்குத் தெரியும். காலையில் எழுந்து, மீட்டர்காரர் பேப்பர் படிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இரண்டு நாள் சண்டை போட்டாள். மூன்றாம் நாள் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"முட்டியில குறைன்னா டாக்டர் சொல்லட்டும், சரி பண்ணிக்கலாம். குறையே இல்லேன்னா அப்புறம் விழுந்தது யாரு? நீதான? நாளைக்கு மெஷின்மேல விழுந்தா?"

நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்றும் ஒரு பழமொழியைச் சேர்த்து விட்டார். சொன்னவருக்கே சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அந்த ஆத்திரத்தில்தான் அவள் வாக்குக் கொடுத்தாள். இன்னும் ஒரே ஒரு தடவை டாக்டரிடம் போவது. அவர் அப்போதும் ஒன்றுமில்லை என்றால், அன்று சாயங்காலமே கடைச் சாவியைச் செல்போன்காரரிடம் கொடுத்துவிடலாம். சொல்லிவிட்டுப் படுக்கையில் புரண்டாள். போய் என்ன புதிதாகச் சொல்லப்போகிறாள்? அதே கட்டில், அதே எக்ஸ்ரே, அதே சூப்பர்.

டாக்டரிடம் போவதற்கு இரண்டு நாள் முன்பு வங்கிக் காவலாளி ஒருவர் பேண்ட் வாங்க வந்தார். ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார், இப்படித் திரும்பினார், அப்படித் திரும்பினார். நன்றாகத்தான் இருக்கிறது, அப்படியே போய்விடுகிறேன் என்று பையைத் தூக்கினார்.

ஸ்டூலம்மா காலால் ஸ்டூலைத் தள்ளினாள். ஆயிரம் தடவை சொன்னதைத் தூக்கத்தில் சொல்வதுபோல் சொன்னாள்.

"நின்னா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். உட்காருங்க. காலை மடக்கினாத்தான் வண்டவாளம் தெரியும்."

காவலாளி உட்கார்ந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுக்கொண்டு நின்றாள். சாக்குக்கட்டி பிடித்த கை அப்படியே இருந்தது. சரியாக இருக்கிறதா என்று காவலாளி இரண்டு தரம் கேட்டார். காஜாப் பெண்தான் பதில் சொல்லி அவரை அனுப்பினாள்.

நிற்கவைத்து எக்ஸ்ரே. படுக்கவைத்து, நீட்டவைத்துச் சோதனை. நீட்டித் தூக்கச்சொல்லிப் பயிற்சி. எட்டு மாதத்தில் ஒருவர்கூட அவளை உட்காரவைத்து, காலைத் தொங்கவிட்டு, மடக்கிய முட்டியைத் தொட்டுப் பார்க்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் ஸ்டூல் போட்டவள் தன் முட்டிக்குப் போட மறந்தாள்! முதலில் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே டாக்டர்மேலும் வீட்டுக்காரர்மேலும் தன்மேலும் சேர்த்து வந்த கோபத்தில் கண் கலங்கிவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தாள். காலைத் தளர்த்தித் தொங்கவிட்டாள். காஜாப் பெண்ணைக் கூப்பிட்டு, கெண்டைக்காலுக்கு மேலே பிடித்து மெதுவாக முன்னால் இழுக்கச் சொன்னாள். அந்தப் பெண் இழுத்தவள் சட்டென்று கையை எடுத்துவிட்டாள்.

"அக்கா, என்னமோ நகருதுக்கா" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று ஆட்டோவில் ஸ்டூலும் ஏறியது. வீட்டுக்காரருக்கு மானம் போயிற்று. அங்கே உட்கார நாற்காலி இருக்காதா என்றார், யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றார், கடைசியில் ஸ்டூலுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவர் மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் தடுத்து, உள்ளே உட்கார நிறைய இடமிருக்கிறதே அம்மா என்றார்.

"உட்கார இடம் இருக்குப்பா. உட்காந்தவங்களைப் பாக்கத்தான் ஆளில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இந்தத் தடவை கல்யாணப் பெண் நடை இல்லை. பழைய புடவை; வேண்டுமென்றே காலையில் இரண்டு மணி நேரம் மெஷின் ஓட்டிவிட்டு வந்திருந்தாள். முட்டி நன்றாக வீங்கியிருந்தது.

டாக்டர் வழக்கம்போல் கட்டிலைக் காட்டினார். அவள் அறை நடுவில் ஸ்டூலைப் போட்டு அதில் உட்கார்ந்தாள். தையற்கடை ஸ்டூல், கொஞ்சம் உயரம். கால் தரையில் படாமல் தொங்கியது. டாக்டர் சிரித்தார். வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள் என்பதை நயமாக நினைவூட்டினார்.

"தெரியும் டாக்டர். எனக்கு ஒரு நிமிஷம் போதும். நீட்டி நாலு தடவை பாத்துட்டீங்க. இப்ப மடக்கிப் பாருங்க."

சிரிப்பு மாறாமலே அவர் சக்கரம் வைத்த தன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தார். ஒரு கை தொடையில், ஒரு கை கெண்டைக்கால் மேலே. முன்னால் இழுத்தார். டக். பின்னால் தள்ளினார். மறுபடி இழுத்தார். சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இடது காலையும் அதேபோல் இழுத்துப் பார்த்தார், அது அசையவில்லை. திரும்பவும் வலதுக்கு வந்தார். சுவரோரமாக நின்றிருந்த வீட்டுக்காரர் ஓரடி முன்னால் வந்து குனிந்து பார்த்தார். முட்டிக்குக் கீழே எலும்பு ஒரு விரல்கடை முன்னால் வந்துபோவது தோலுக்கு மேலேயே தெரிந்தது.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மனிதர் மழுப்பவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

"நீட்டினா இறுக்கமா இருக்கு. மடக்கினா தளர்ந்துடுது. முட்டியைச் சுத்தி இருக்கற நார் ரெண்டு நிலையிலயும் ஒரே இழுப்புல நிக்கணும்மா. இங்க நிக்கல. அதனாலதான் படியிலயும், எழும்போதும் நழுவுது."

ஏன் இப்படி ஆகிறது என்று அவள் கேட்டாள். பல காரணம் உண்டு என்றார். எலும்பைச் சீவும்போது பின்பக்கம் ஒரு நூல் அளவு அதிகமாகச் சீவியிருக்கலாம். மேலே பொருத்துகிற உலோகம் ஓர் அளவு சின்னதாகப் போயிருக்கலாம். நடுவில் வைக்கிற பிளாஸ்டிக் இன்னும் கொஞ்சம் தடிமனாக இருந்திருக்க வேண்டியிருக்கலாம். எல்லாம் சரியாகச் செய்தும் பிற்பாடு நார் தானாக நெகிழ்ந்துபோவதும் உண்டு. உங்களுக்கு எது என்று ஸ்கேன் எடுத்துத்தான் சொல்ல முடியும், ஆனால் தன் வேலையிலேயே பிசகு இருந்திருக்கலாம் என்றார். முதலில் முட்டிக்கு ஒரு பட்டை, தொடைக்குச் சரியான பயிற்சி, இரண்டு மாதம். அதில் கட்டுப்படவில்லை என்றால் திரும்பவும் திறந்து மாற்ற வேண்டிவரும். அது முதல் ஆபரேஷனைவிடக் கொஞ்சம் பெரிய வேலை.

அவள் எல்லாவற்றையும் தையல்காரியின் காதால் கேட்டுக்கொண்டாள். நின்ற அளவில் வெட்டிய துணி, உட்கார்ந்தால் ஒத்துவரவில்லை. இவ்வளவுதான் விஷயம். இந்த இவ்வளவுக்காகத்தான் எட்டு மாதம்.

"படுக்க வச்சுப் பாக்கறப்ப இது தெரியலம்மா" என்றார் டாக்டர்.

"படுத்துக்கிட்டே இருக்கறதுக்கா டாக்டர் நான் முட்டி மாத்திக்கிட்டேன்?"

அவர் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார். அவளுக்கு இன்னும் நிறையக் கேட்க வேண்டியிருந்தது. ஆட்டோவில் வரும்போதே வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். ஆனால் எட்டு மாதத்துக்கான அத்தனை வசவும் தொண்டைக்கு வந்த நேரத்தில், 'மனசுக்கு அப்படித் தோணும் சார்' என்று ஒரு டிரைவரிடம் சொன்ன குரல் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. அவர் கிழிந்த பேண்டோடு கடையை விட்டுப் போனபோதுகூட அவள் மன்னிப்புக் கேட்கவில்லை; துணி போயிற்றே என்றுதான் வருத்தப்பட்டாள். அதனால் வாயை மூடிக்கொண்டு எழுந்தாள். முட்டி நழுவி இடத்துக்கு வந்தது. டாக்டர் அதைப் பார்த்தார். அவள் எழும்போது அது நழுவுவதை எட்டு மாதத்தில் முதல் தடவையாக இன்னொரு மனிதர் பார்த்தார்.

வராந்தாவில் வீட்டுக்காரர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். அதை ஒளித்துத் தூக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் நின்றார்.

"ரிப்போர்ட்ல எல்லாம் சரின்னுதானே இருந்துச்சு. நான் என்னத்தக் கண்டேன்" என்றார்.

"ரிப்போர்ட்டை ரெண்டு ரெண்டு தடவை படிச்சீங்க. நானும் பக்கத்துலதான இருந்தேன்?"

அதற்கு அவரிடம் பழமொழி எதுவும் இல்லை. இன்னொரு ஆபரேஷன் வந்துவிட்டால் கடையை என்ன செய்வது என்று மெல்ல ஆரம்பித்தார். அவள் கையை நீட்டினாள்.

"அது அப்புறம். சாவி."

செல்போன்காரர் ஆறு மணிக்கு வருவதாக இருந்தது. இப்போதும் டாக்டர் சூப்பர் என்றுதான் சொல்வார் என்ற உறுதியில் மீட்டர்காரர் புறப்படும்போதே கடைச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அது அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. ஸ்டூலைக் கீழே வைத்துவிட்டு, பையைத் துழாவி எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் வாங்கிக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஐந்து படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே காத்திருந்த அத்தனை பேரையும் பார்த்தபடி, அவள் பின்பக்கமாக ஒவ்வொன்றாக இறங்கினாள். எப்போதும் முன்னால் போய் ஆட்டோ தேடுகிற மனிதர் அன்றைக்குப் போகவில்லை. கடைசிப் படியருகே ஸ்டூலைப் போட்டுவிட்டு, அவள் வந்து சேரும்வரை முட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.